'ஆம்பளப் பையன் லேட்டாத்தான் பேசுவான்'... ஆறு வயதுக்கு முன் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு சட்டம் என்ன தருகிறது?

பையனுக்கு ரெண்டரை வயசு. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. 'அம்மா' என்ற ஒரு வார்த்தை கூட இன்னும் வரவில்லை. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் வீட்டில் பெரியவர்கள் சொல்வது வேறு: "அவங்க அப்பாவே அஞ்சு வயசுலதான் பேசினான். ஆம்பளப் பசங்க அப்படித்தான்." பக்கத்து வீட்டில் ஒரு யோசனை: "செல்போனைக் கொடுக்காதீங்க, தானா பேசுவான்." போனை நிறுத்திப் பார்க்கிறார்கள். ஆறு மாதம் போகிறது. அப்புறம் ஒரு கோயில் வேண்டுதல், அதில் இன்னொரு ஆறு மாதம். டாக்டரிடம் போகும்போது பையனுக்கு மூன்றரை வயது.

தமிழ்நாட்டில் இப்படி நடக்காத தெரு இருக்காது. இதில் குடும்பத்தை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. ஏனென்றால் இதே தாமதம் நம் சட்டத்திலும் இருக்கிறது. மாற்றுத்திறன் குழந்தைக்கு இலவசக் கல்வி உரிமை என்று நம் சட்டம் சொல்வது ஆறு வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வருடங்களுக்குத் திட்டங்கள் இருக்கின்றன, மையங்கள் இருக்கின்றன. 'உரிமை' என்ற சொல் மட்டும் இல்லை.

இதனால் என்ன நடக்கிறது? இப்போது என்ன சேவை கிடைக்கும்? எங்கே போவது? விரிவாகப் பார்க்கலாம்.

அந்த ஆறு வருஷம் ஏன் இவ்வளவு முக்கியம்?

குழந்தையின் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது. இதைச் சொல்வது மத்திய அரசின் தேசியக் கல்விக் கொள்கை 2020. பேச்சு, நடை, பார்வை, பழகும் விதம் எல்லாவற்றுக்கும் அடித்தளம் விழுவது இந்த வயதில்தான்.

காது கேளாமையை எடுத்துக்கொள்வோம். பிறந்த ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் காது கேட்கும் கருவியும் பயிற்சியும். மருத்துவ உலகம் பின்பற்றும் கணக்கு இது. கேட்காத குழந்தைக்குப் பேச்சு வராது. கேட்கத் தொடங்கும் வயது தள்ளிப்போகப் போக பேச்சைப் பிடிப்பதும் கஷ்டமாகிறது. தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு என்று வைத்திருப்பதும் இதனால்தான்.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். காதுக்கான அறுவை சிகிச்சைக்கு ஆறு வயது கடைசி எல்லை. கல்வி உரிமைக்கு அதே ஆறு வயது ஆரம்ப எல்லை. முதல் கணக்கு மருத்துவம் போட்டது, இரண்டாவது கணக்கு சட்டம் போட்டது.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கும் இப்படித்தான். சின்ன வயதிலேயே இயன்முறை சிகிச்சை தொடங்கினால் தசைகள் இறுகிப்போவதை, மூட்டுகள் கோணிப்போவதைப் பெருமளவு தடுக்கலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு, தனக்கு என்ன வேண்டும் என்பதை வார்த்தையாலோ சைகையாலோ படத்தைக் காட்டியோ சொல்லக் கற்றுக்கொடுக்கலாம். சொல்லத் தெரிந்தால், சொல்ல முடியாத கோபத்தில் வரும் அழுகையும் அடமும் குறையும்.

இதைத்தான் ஆரம்ப நிலை இடையீடு என்கிறார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும், செய்வது குழந்தையோடு விளையாடிக்கொண்டே பயிற்சி கொடுப்பதுதான். யார் கொடுக்கிறார்கள், எந்த வயதில் தொடங்குகிறார்கள், விடாமல் நடக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எத்தனை குழந்தைகள்? ரெண்டு கணக்கு, ரெண்டு கதை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆறு வயது வரையுள்ள மாற்றுத்திறன் குழந்தைகள் சுமார் 20.42 லட்சம் பேர். அந்த வயதுக் குழந்தைகளில் இது 1.24 சதவீதம்.

2018-ல் 'பிளாஸ் மெடிசின்' மருத்துவ இதழில் இந்திய ஆய்வாளர்களின் ஆய்வு ஒன்று வெளியானது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், வலிப்பு, அறிவுசார் குறைபாடு, செவித்திறன் குறைபாடு போன்ற நரம்பு வளர்ச்சி சார்ந்த பிரச்சினைகளை, நாட்டின் ஐந்து இடங்களில் வீடு வீடாகப் போய் பரிசோதித்துக் கண்டறிந்தார்கள். இரண்டு முதல் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 9.2 சதவீதம் பேருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. ஆறு முதல் ஒன்பது வயதில் அது 13.6 சதவீதம்.

இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. கேட்ட கேள்வி வேறு, வரையறை வேறு. கணக்கெடுப்பில் வீட்டில் இருப்பவர் சொல்வதை எழுதிக்கொள்வார்கள், ஆய்வில் நிபுணர்கள் குழந்தையை நேரில் பரிசோதித்தார்கள். ஆனால் ஒன்று தெளிவாகப் புரிகிறது. வீட்டுக்காரருக்கே தெரியாத, தெரிந்தாலும் பெயர் வைக்காத பிரச்சினையோடு ஏராளமான குழந்தைகள் வளர்கிறார்கள். "லேட்டாத்தான் பேசுவான்" என்று சொல்லப்படும் பையன் கணக்கெடுப்பில் வரமாட்டான்.

சட்டம் சரியா என்ன சொல்லுது?

2002-ல் அரசியலமைப்பில் 86-வது திருத்தம் வந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமை ஆனது. அதே திருத்தத்தில், ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆரம்பக்காலப் பராமரிப்பும் கல்வியும் தர அரசு 'முயற்சி செய்யும்' என்று எழுதினார்கள். முன்னது அடிப்படை உரிமை, கிடைக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். பின்னது வழிகாட்டு நெறி, அதை வைத்து நேரடியாக வழக்குப் போட முடியாது.

2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் இதே வழியில் போனது. மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இலவச முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்கிறது அதன் 11-வது பிரிவு. 'செய்ய வேண்டும்' என்று இல்லை.

இப்போது மாற்றுத்திறனாளிகளுக்கான தனிச் சட்டத்துக்கு வருவோம். 1995-ல் வந்த பழைய சட்டம், மாற்றுத்திறன் குழந்தைக்கு 'பதினெட்டு வயது ஆகும் வரை' இலவசக் கல்வி என்று சொன்னது. எந்த வயதிலிருந்து என்று கீழ் எல்லை போடவில்லை. அதை மாற்றி 2016-ல் கொண்டுவந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. முன்பு ஏழு வகையாக இருந்த குறைபாடுகள் இதில் 21 ஆனது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு எல்லாம் உள்ளே வந்தன. பல வகையில் இது முன்னேறிய சட்டம்தான். ஆனால் இலவசக் கல்வி பற்றிய 31-வது பிரிவில் 'ஆறு முதல் பதினெட்டு வயது வரை' என்று எழுதிவிட்டார்கள். அதுவும் 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு இருப்பதாகச் சான்று பெற்ற குழந்தைகளுக்கு.

பழைய சட்டம் இருந்தபோது எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் 'என் நான்கு வயது மகளுக்கும் இது பொருந்தும்' என்று ஒரு தாய் சுட்டிக்காட்ட அதில் ஒரு வரி இருந்தது. இப்போது அந்த வரி இல்லை.

புதிய சட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்கு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. பாதிப்பு வர வாய்ப்புள்ள குழந்தைகளைக் கண்டறிய வருடத்துக்கு ஒருமுறையாவது பரிசோதனை நடத்த வேண்டும் என்கிறது 25-வது பிரிவு. கண்டுபிடிப்பது கடமை ஆகியிருக்கிறது. கண்டுபிடித்த பிறகு ஆறு வயது வரை கற்றுக்கொடுப்பது அப்படி ஆகவில்லை.

அப்போ இப்ப என்னதான் கிடைக்குது?

முதலில் அங்கன்வாடி. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. நம்ம ஊர் பால்வாடிதான். தேசிய குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. 2013-ல் தொடங்கியது. இதன்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வருடத்துக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் போக வேண்டும். பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் என நான்கு பிரிவுகளில் 30 வகைப் பிரச்சினைகளைப் பார்க்க வேண்டும்.

அந்தக் குழு சந்தேகப்படும் குழந்தையை அனுப்பும் இடம் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம். பொதுவாக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும். குழந்தை மருத்துவர், இயன்முறை சிகிச்சை நிபுணர், பேச்சுப் பயிற்சியாளர், மனநல ஆலோசகர், சிறப்புக் கல்வியாளர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்காக 2023 நவம்பர் 28-ல் மத்திய அரசு ஒரு வழிகாட்டி நெறிமுறையை வெளியிட்டது. வளர்ச்சித் தாமதத்தின் ஆரம்ப அறிகுறிகளை எப்படிக் கவனிப்பது, அந்தக் குழந்தையை மற்ற குழந்தைகளோடு எப்படிச் சேர்ப்பது, யாரிடம் அனுப்புவது என்று மூன்று படிகளாக அதில் சொல்லியிருக்கிறார்கள்.

தேசிய நிறுவனங்களில் 2021 ஜூனில் 14 இடையீட்டு மையங்கள் திறக்கப்பட்டன. எல்லா வகைக் குறைபாட்டுக்கும் ஒரே இடத்தில் சேவை தருபவை இவை. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் ஒன்று இருக்கிறது.

தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, தொண்டு நிறுவனங்கள் வழியாக ஆரம்ப நிலைப் பயிற்சி மையங்களை நடத்துகிறது. உலக வங்கி உதவியோடு நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும் இருக்கிறார்கள். அங்கே பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயது வரை மருத்துவ மதிப்பீட்டு முகாம்களும் நடக்கின்றன.

இவ்வளவு இருக்கே, அப்புறம் சிக்கல் எங்க?

ஒரு குழந்தையின் பாதையைத் தொடர்ந்து போனால் சிக்கல் தெரியும்.

அங்கன்வாடி இருப்பது சமூக நலத்துறையில். பரிசோதனைக் குழுவும் மாவட்ட மையமும் மக்கள் நல்வாழ்வுத் துறையில். சிறப்பாசிரியர் பள்ளிக் கல்வித்துறையில். சான்றிதழ், உபகரணம், உதவித்தொகை எல்லாம் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில். குழந்தை ஒன்று, துறைகள் நான்கு. ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குக் குழந்தையைக் கொண்டுபோவது யார்? பெரும்பாலும் அம்மாதான், கையில் ஒரு பைலோடு.

பரிசோதனைக் குழு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறது. மாவட்ட மையம் 40, 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். ஸ்பீச் தெரபி ஒருநாள் போய் வரும் விஷயமில்லை. வாரத்துக்கு ரெண்டு மூணு நாள், மாதக்கணக்கில் போக வேண்டும். நூறு நாள் வேலைக்கோ மில்லுக்கோ போகும் தாய்க்கு அது ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் இலவசப் பயணம் உண்டு. பஸ் டிக்கெட் மிச்சமாகும், கூலி திரும்பி வராது. அதனால் நாலு தடவை போய்விட்டு நிறுத்திவிடுகிறார்கள். தனியார் மையம் என்றால் ஒவ்வொரு அமர்வுக்கும் காசு.

அடுத்தது ஆள். பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பத்து மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்பது விதிமுறை. 2021-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு வந்தது அது. அங்கன்வாடிக்கு அப்படி ஒரு விகிதமே கிடையாது. அங்கே இருப்பது ஒரு பணியாளரும் ஒரு உதவியாளரும். எடை பார்ப்பது, முட்டையும் சோறும் கொடுப்பது, கர்ப்பிணிகள் கணக்கு, செல்போன் ஆப்பில் பதிவு எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் 2023 நெறிமுறையும் அவர் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அறிகுறியைக் கண்டுபிடிக்க அவரால் முடியும். நடக்க முடியாத குழந்தையை நாள் முழுக்க வைத்துப் பார்த்துக்கொள்ள, கழிப்பறைக்குத் தூக்கிப்போக கூடுதல் ஆள் இல்லை. அதனால்தான் "வீட்டுலயே வச்சுக்கோங்கம்மா, சாப்பாடு வாங்கிட்டுப் போங்க" என்ற பதில் வருகிறது. அவர் கெட்டவர் என்பதால் வருகிற பதில் அல்ல அது.

மூன்றாவது சான்றிதழ். மிகச் சின்ன வயதில் பாதிப்பு எத்தனை சதவீதம் என்று அடித்துச் சொல்வது மருத்துவர்களுக்கே சிரமம். குழந்தை மாறிக்கொண்டே இருக்கிறது. ஐந்து வயது வரை அறிவுசார் குறைபாடு என்று முத்திரை குத்தாமல், வளர்ச்சித் தாமதம் என்று சொல்லி தற்காலிகச் சான்று தருவது இதனால்தான். அது சரியான அணுகுமுறை. ஆனால் சேவையை 40 சதவீதச் சான்றோடு கட்டிவிட்டால் சிக்கல் ஆகிவிடும். 30 சதவீதத்தில் இருக்கும் குழந்தைக்குத்தான் பயிற்சி கொடுத்தால் பலன் அதிகம். அந்தக் குழந்தை வெளியே நிற்கும்.

வேற எங்கயாவது இதைச் சரி செஞ்சிருக்காங்களா?

அமெரிக்காவில் 1975-ல் மாற்றுத்திறன் குழந்தைகள் கல்விச் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் சின்னக் குழந்தைகள் விஷயத்தில் அங்கேயும் இடைவெளி இருந்தது. 1986-ல் திருத்தம் கொண்டுவந்து மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளையும் முழுமையாகச் சேர்த்தார்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனித் திட்டம் வந்தது. இன்று அங்கே குழந்தையைத் தேடிக் கண்டுபிடிப்பது அரசின் பொறுப்பு. ஒவ்வொரு குழந்தைக்கும் என்ன பயிற்சி, வாரத்துக்கு எவ்வளவு நேரம் என்று எழுத்தில் ஒரு திட்டம் போட வேண்டும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் சேவையைத் தொடங்க முடியாது. ஆள் பற்றாக்குறை, காத்திருப்பு எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனால் பெற்றோர் கையில் கேள்வி கேட்க ஒரு காகிதம் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், தென்காசிக்குப் போகலாம். ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம், குழந்தையை மையத்துக்கு வரச் சொல்வதற்குப் பதிலாக, பயிற்சி பெற்ற உள்ளூர் பெண்களைக் குழந்தையின் வீட்டுக்கு அனுப்புகிறது. அவர்கள் கையில் ஒரு செல்போன் ஆப். குழந்தையின் முன்னேற்றம் அதில் பதிவாகும், நிபுணர்கள் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்வார்கள். சென்னையில் 1989-ல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம், ஆறு வயது வரையுள்ள அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பெற்றோரையே பயிற்றுநராக்கும் முறையை வளர்த்தெடுத்தது.

இரண்டிலும் பொதுவான விஷயம், பயிற்சி வீட்டுக்குள் வருகிறது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் நிபுணர் செய்வதைவிட, குளிக்க வைக்கும்போதும் சோறு ஊட்டும்போதும் அம்மாவும் பாட்டியும் தினமும் செய்வதில் பலன் கூடுகிறது. தமிழ்நாட்டில் நடக்கும் என்று நிரூபித்தாகிவிட்டது. அரசு அளவில் எல்லா ஒன்றியத்துக்கும் கொண்டுபோவதுதான் பாக்கி.

அரசு என்ன செய்யலாம்?

சட்டத்தைத் திருத்தி 'ஆறு முதல்' என்பதை எடுப்பது நாடாளுமன்றத்தின் வேலை. ஆனால் மாநில அரசு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 11-வது பிரிவில் உள்ள 'செய்யலாம்' என்ற சொல்லே மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது.

வட்டார வள மையச் சிறப்பாசிரியர் மாதத்தில் இத்தனை நாள் அங்கன்வாடிக்குப் போக வேண்டும் என்று ஒரு உத்தரவு போடலாம். 'சான்று வந்தால்தான் சேவை' என்பதை மாற்றி, சந்தேகம் வந்ததுமே பயிற்சி தொடங்கலாம். பரிசோதனைக் குழு எழுதிய சீட்டு என்ன ஆனது என்று மூன்று மாதத்துக்குள் விசாரிக்கும் பொறுப்பை ஒரு குறிப்பிட்ட அதிகாரிக்குக் கொடுக்கலாம். பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம், நான்கு துறைகளும் ஒரே பதிவேட்டைப் பார்த்தால் போதும்.

உங்க வீட்டுக் குழந்தைக்கு சந்தேகம் இருந்தா என்ன செய்யணும்?

இந்த அறிகுறிகள் இருந்தால் காத்திருக்காதீர்கள்:

• மூன்று மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை
• ஐந்து மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை
• ஒன்பது, பத்து மாதம் ஆகியும் பிடிக்காமல் உட்காரவில்லை
• ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை
• ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை
• இரண்டு வயதாகியும் 'பால் வேணும்', 'அப்பா வா' போல இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை
• எந்த வயதிலும், வந்த பேச்சோ பழக்கமோ திடீரென்று நின்றுபோனது

இதில் ஒன்று இருந்தாலே குறைபாடு என்று முடிவு கட்ட வேண்டாம். பரிசோதனை தேவை என்று மட்டும் அர்த்தம்.

முதலில் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லி, மாவட்ட இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு கேளுங்கள். சீட்டு கிடைக்கத் தாமதமானால் அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவுக்கு நேராகப் போகலாம். எங்கே மையம் இருக்கிறது என்று தெரியாவிட்டால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். பேச்சு வரவில்லை என்றால் முதலில் காது பரிசோதனை கேளுங்கள்.

சான்றிதழுக்கும் யு.டி.ஐ.டி. அடையாள அட்டைக்கும் ஒரு பக்கம் விண்ணப்பியுங்கள். ஆனால் அது வரும் வரை பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இருந்தால் தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் சேரலாம். வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவுக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

போகும் ஒவ்வொரு இடத்திலும் தேதி, பார்த்தவர் பெயர், சொன்ன பயிற்சி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டில் செய்யும் பயிற்சியை எப்படிச் செய்வது என்று செய்து காட்டச் சொல்லி, அனுமதி கேட்டு செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பார்த்த அந்தப் பையனுக்கு இப்போது மூன்றரை வயது. சட்டப்படி அவனுக்குக் கல்வி உரிமை வர இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறது. அந்த இரண்டரை வருடத்தில் வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி கிடைத்தால் முந்நூற்றைம்பது நாளுக்கும் மேல். அது கிடைக்குமா, கிடைக்காதா என்பதை இன்று தீர்மானிப்பது அவன் பிறந்த ஊர் எது, அவன் அம்மாவால் எத்தனை நாள் கூலியை விட முடியும் என்பதுதான்.